வாடை வராத டோஃபுவைக் கொதிக்க வைத்துச் சாப்பிடலாமா?

பிரித்த பாக்கெட்டில் மீந்த டோஃபுவைத் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறீர்கள். ஆறு நாள் ஆகிவிட்டது. தண்ணீர் லேசாகக் கலங்கியிருக்கிறது, வாடை எதுவும் இல்லை. பத்து நிமிடம் கொதிக்க வைத்தால் சாப்பிடலாமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஆபத்தான டோஃபுவை மூக்கும் கண்ணும் காட்டிக் கொடுக்குமா என்பது ஒன்று. அவை தவறவிட்டதை அடுப்பு சரிசெய்துவிடுமா என்பது மற்றொன்று. இரண்டுக்குமே "எல்லா நேரமும் செய்துவிடாது" என்பதுதான் பதில். உங்களிடம் இருக்கும் துண்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அதில் நோய்க்கிருமி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அதை ஆய்வுக்கூடம்தான் சொல்ல முடியும். ஆனால் இல்லை என்று உறுதிசெய்ய வீட்டில் எந்த வழியும் கிடையாது.

முதலில் டோஃபுவின் இயல்பைப் பார்ப்போம். சோயா பாலைக் கால்சியம் சல்ஃபேட், மக்னீசியம் குளோரைடு அல்லது குளுக்கோனோ டெல்டா லாக்டோன் சேர்த்துத் திரிய வைத்து, பெரும்பாலும் அழுத்தி நீரை வடித்துச் செய்கிறார்கள். வடித்த பிறகும் அதில் 70 முதல் 90 சதவீதம் வரை தண்ணீர்தான். புரதம் நிறைய உண்டு. உப்பு கிட்டத்தட்ட இல்லை. புளிப்பும் பெயரளவுக்குத்தான், அமிலத்தன்மையைக் காட்டும் pH அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) ஏறத்தாழ 6-ஐ ஒட்டியே இருக்கும், நோய்க்கிருமிகளை அடக்க அது 4.6-க்குக் கீழே இறங்க வேண்டும். ஊறுகாயை உப்பும் புளிப்பும் காக்கின்றன, அப்பளத்தை வறட்சி காக்கிறது. டோஃபுவுக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை, அதைக் காப்பது குளிர் மட்டும்தான். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் உணவு விதித்தொகுப்பு, வெந்த தாவர உணவுகளை நேரமும் வெப்பநிலையும் கட்டுப்படுத்தியே வைக்க வேண்டிய பண்டங்களில் சேர்ப்பதும் இதனால்தான். "இறைச்சி இல்லையே, பருப்புப் பண்டம்தானே" என்ற எண்ணத்தில் பலர் இதைச் சமையல் மேடையிலேயே விட்டுவிடுகிறார்கள். சமைத்த கோழிக்கறியை எப்படி வைப்பீர்களோ அதே கவனத்தோடுதான் இதையும் வைக்க வேண்டும்.

சோயா பால் நன்றாகக் கொதிக்கும்போது உயிரோடு பெருகும் நிலையிலுள்ள பாக்டீரியாக்கள் அநேகமாக எல்லாமே செத்துவிடும். அப்படியானால் கிருமி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கொதித்த பிறகு நடப்பவற்றிலிருந்து. திரிந்ததை ஊற்றும் துணி, அழுத்தும் பெட்டி, வெட்டும் கத்தி, எடுக்கும் கை, போட்டு வைக்கும் தண்ணீர் எல்லாமே வழிகள். ஆகவே டோஃபு எப்படிச் செய்யப்பட்டது என்பதைவிடச் செய்தபின் எத்தனை கைபட்டது என்று பார்ப்பதுதான் உபயோகம். பட்டுப்போல் வழவழப்பான ஒரு வகையில், சோயா பாலை ஆறவைத்துத் திரிய வைக்கும் பொருளைக் கலந்து, டப்பாவில் ஊற்றி மூடியபின் அந்த டப்பாவையே சூடாக்கித் திரிய வைக்கிறார்கள். அதற்குப் பிறகு உள்ளே எதுவும் படுவதில்லை. வெட்டித் தண்ணீரோடு பாக்கெட்டில் அடைத்து, அடைத்த பின் மறுபடி சூடேற்றிக் குளிர்விக்கும் வகை அதற்கு அடுத்தது. மிக அதிக வெப்பத்தில் கிருமி நீக்கிய பாலிலிருந்து செய்து, காகித அட்டைப் பெட்டியில் கிருமியில்லாமல் அடைத்த வகையைப் பிரிக்கும் வரை வெளியிலேயே வைக்கலாம். ஆனால் உறையில் அப்படி எழுதியிருந்தால் மட்டும். திறந்த தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, கேட்பவருக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கும் டோஃபுதான் எல்லாவற்றிலும் கவலைக்குரியது. ஒரு துண்டில் வந்த கிருமி அந்தத் தண்ணீர் வழியாக எல்லாத் துண்டுக்கும் போகும். அதை வாங்கினால் அன்றே, முழுக்க வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

தண்ணீர் எவ்வளவு பெரிய காரணி என்பதற்கு ஒரு பதிவான நிகழ்வு இருக்கிறது. 1981 கடைசியிலும் 1982 தொடக்கத்திலும் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் எர்சினியா என்டெரோகொலிட்டிகா என்ற பாக்டீரியாவால் பலர் நோய்வாய்ப்பட்டார்கள். தேடிப் போனபோது காரணம் டோஃபு என்று தெரிந்தது. சுத்திகரிக்காத ஊற்று நீரைத் தயாரிப்பில் பயன்படுத்தியிருந்தார்கள். எர்சினியாவுக்கு இரண்டு கெட்ட குணங்கள் உண்டு. அது ஃப்ரிட்ஜ் குளிரிலும் பெருகும். காய்ச்சலோடு வயிற்றின் வலது பக்கத்தில் வலி வருவதால், குடல்வால் அழற்சி என்று மருத்துவர்களே சந்தேகப்படும் அளவுக்கு ஏமாற்றும். ஆகவே நீங்கள் டப்பாவில் ஊற்றும் தண்ணீர் குடிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை நேராகக் குடிக்க மாட்டீர்கள் என்றால் டோஃபுவுக்கும் அது ஆகாது. கொதித்து ஆறி, ஃப்ரிட்ஜில் குளிர்ந்த தண்ணீர்தான் சரி.

அடுத்தது கொதிக்க வைப்பது. உள்ளே வரை 74 டிகிரி செல்சியஸ் எட்டினால் சால்மோனெல்லா, லிஸ்டீரியா, எர்சினியா போன்றவை செத்துவிடும், இதில் சந்தேகமில்லை. ஆனால் சில பாக்டீரியாக்கள் உணவில் பெருகும்போதே நஞ்சைச் சுரந்து வைத்துவிடுகின்றன. மனிதரின் மூக்கிலும் தோலிலும் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் அப்படிப்பட்டது. கைபட்ட டோஃபு வெதுவெதுப்பில் சில மணி நேரம் கிடந்தால் அது பெருகி நஞ்சைச் சுரக்கும். பிறகு கொதிக்க வைத்தால் பாக்டீரியா சாகும், நஞ்சு அப்படியே இருக்கும். அரை மணி நேரம் கொதித்தாலும் அது முழுதாக அழியாது. பேசிலஸ் சீரியஸ் இன்னொன்று. மண்ணிலிருந்து சோயா விதையோடு வருவது. கடும் வெப்பத்தைத் தாங்கும் வித்துகளாக மாறிக்கொள்வதால் சோயா பால் கொதிக்கும்போதும் சாகாது. டோஃபு மெல்ல ஆறும்போது வித்துகள் முளைத்துப் பெருகும், போட்டிக்கு மற்ற பாக்டீரியா இல்லாததால் இன்னும் வசதியாக. அதன் சில வகைகள் சுரக்கும் வாந்தி நஞ்சு 121 டிகிரியைக்கூடத் தாங்கும். அழுத்தக் குக்கரும் அதை அசைக்காது. உங்கள் டோஃபு ஆறு நாளும் உண்மையாகவே குளிரில் இருந்திருந்தால் இந்த இரண்டு நஞ்சுகளும் உருவாகியிருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் வாங்கிய இடத்திலிருந்து வீடு வரும் வழியில், சமைக்கும்போது மேடையில், மின்சாரம் போன மதியத்தில் அது எத்தனை நேரம் வெதுவெதுப்பில் இருந்தது என்பது உங்களுக்கும் சரியாகத் தெரியாது. பலரும் கோட்டை விடுவது இந்தக் கணக்கைத்தான்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில்தான் இந்தப் பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகும். சாதகமான வெப்பத்தில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒன்றே ஒன்றில் தொடங்கினாலும் 7 மணி நேரத்தில் 21 தடவை இரட்டித்து 20 லட்சத்தைத் தாண்டிவிடும். ஆகவேதான் வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் கிடந்த டோஃபுவைத் தள்ளிவிடச் சொல்கிறார்கள். அறை வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் கெடு. இந்த நேரம் கூட்டிக் கணக்கிட வேண்டியது. காலையில் 40 நிமிடம், மாலையில் 50 நிமிடம் வெளியே இருந்தது என்றால் 90 நிமிடம் செலவாகிவிட்டது. மீண்டும் குளிரில் வைத்ததும் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குவதில்லை.

ஃப்ரிட்ஜ் பெருக்கத்தைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் 4 டிகிரியிலும் மெதுவாகப் பெருகும். ஆரோக்கியமான பெரியவருக்கு அதனால் பெரிய தொல்லை வராமல் போகலாம். கர்ப்பிணிகளுக்கு அது கருச்சிதைவு வரை கொண்டு போகும். வயதானவர்களுக்கும் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் உயிராபத்தாகலாம். சாப்பிட்டுப் பல வாரம் கழித்தும் நோய் வரக்கூடும் என்பதால் எதனால் வந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. டோஃபுவைப் பச்சையாகச் சாப்பிடலாமா என்ற கேள்விக்கான பதிலும் இதைப் பொறுத்ததே. டோஃபு ஏற்கெனவே வெந்த பண்டம். அடைத்தபின் சூடேற்றிய பாக்கெட்டை அன்று பிரித்து அப்படியே சாப்பிடுவது ஆரோக்கியமானவர்களுக்குப் பெரிய ஆபத்தில்லை. மேலே சொன்ன வரிசையில் இருப்பவர்களும் சிறு குழந்தைகளும் எந்த டோஃபுவையும் ஆவி பறக்கச் சூடாக்கியே சாப்பிடட்டும். பெரிய கட்டியாக எண்ணெயில் போட்டால் மேற்புறம் பொன்னிறமாகும்போதும் நடுப்பகுதி வெதுவெதுப்பாகவே இருக்கும். 2 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கினாலோ உதிர்த்துவிட்டாலோ சூடு உள்ளே சீக்கிரம் போகும்.

வாடைக்கு வருவோம். டோஃபு புளிப்பது, கொழகொழப்பது, தண்ணீர் கலங்குவது, பாக்கெட் உப்புவது ஆகியவற்றைச் செய்பவை பெரும்பாலும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் சூடோமோனாஸ் போன்ற குளிர்விரும்பிகளும். அவற்றில் பல நோய் தருவதில்லை. நோய் தரும் லிஸ்டீரியாவும் சால்மோனெல்லாவும் ஆபத்தான அளவில் இருந்தாலும் நிறம், மணம், சுவை எதையும் மாற்றாமல் இருக்கலாம். ஆகவே புளித்த வாடை வந்தால் கண்டிப்பாகத் தூக்கிப் போடுங்கள். வாடை வரவில்லை என்பதை நல்லது என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம். கலங்கல் மட்டும் கொஞ்சம் குழப்பமான அடையாளம். பிரித்த அன்றோ மறுநாளோ தண்ணீர் லேசாகப் பால்போல் ஆவது டோஃபுவிலிருந்து கசியும் புரதமாகவும் இருக்கலாம். ஆறாம் நாள் கலங்கலை அப்படி நினைக்க முடியாது, அதுவும் தண்ணீரை மாற்றாமல் விட்டிருந்தால். இழுத்தால் நூல்போல் வரும் வழவழப்பு, இளஞ்சிவப்புப் புள்ளிகள், பூஞ்சை ஆகியவை தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்வது கூடாது. இவ்வளவு ஈரமான பண்டத்தில் கெட்ட பகுதி எங்கே முடிகிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. பிரிக்காத பாக்கெட் விறைப்பாக உப்பியிருந்தால் பிரித்துக்கூடப் பார்க்க வேண்டாம். மலை மேல் கொண்டுபோன பாக்கெட் காற்றழுத்தக் குறைவால் சற்று உப்பும் என்பது உண்மைதான், ஆனால் இரண்டையும் வெளியிலிருந்து பிரித்தறிய முடியாது.

இனி எப்படி வைப்பது. ஃப்ரிட்ஜ் 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். உள்ளே ஒரு டம்ளர் தண்ணீரில் வெப்பமானியை இரவு முழுக்க வைத்துக் காலையில் பார்த்தால் உண்மை தெரியும். கதவுத் தட்டு வேண்டாம், திறக்கும்போதெல்லாம் சூடேறும் இடம் அது. நடுத்தட்டின் பின்பக்கம் நல்லது. பச்சை இறைச்சிக்கும் மீனுக்கும் கீழே வைக்காதீர்கள், சொட்டு விழும். பாக்கெட்டைப் பிரிக்குமுன் உறையின் வெளிப்புறத்தையும் கையையும் கழுவுங்கள். தேவையான அளவைச் சுத்தமான கத்தியால் வெட்டி எடுத்து, மீதியைக் கையால் தொடாமல், கழுவி உலர்த்திய மூடியுள்ள டப்பாவில் போட்டு, மூழ்கும் அளவுக்குக் குளிர்ந்த குடிநீர் ஊற்றுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், முடிந்தால் டப்பாவையும். இதனால் கசிந்த சத்தும் பாக்டீரியாக்களில் ஒரு பகுதியும் போகும், டோஃபு காயாமல் இருக்கும். ஆனால் டோஃபுவின் உள்ளே போய்விட்டவை போகாது. தண்ணீர் மாற்றுவது கிருமி நீக்கம் ஆகாது. பிரித்த டோஃபுவுக்கு 3 முதல் 5 நாள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கெடு. ஒரு வாரம் என்று அச்சிட்ட உறைகளும் உண்டு. இந்த எண்கள் ஐந்தாம் நாள் நல்லது, ஆறாம் நாள் விஷம் என்று கோடு போடுபவை அல்ல. ஃப்ரிட்ஜ் எவ்வளவு குளிர்ச்சி, முதலில் எவ்வளவு கிருமி இருந்தது என்பவை வீட்டுக்கு வீடு மாறுவதால் முன்னெச்சரிக்கையாகக் குறைத்து வைத்தவை. நான் 3 நாளில் தீர்த்துவிடுங்கள் என்பேன். உறையில் அச்சிட்ட தேதி பிரிக்காத, குளிரிலேயே இருந்த பாக்கெட்டுக்கு மட்டும்தான். பிரித்த கணமே அது செல்லாது.

மின்சாரம் 4 மணி நேரத்துக்கு மேல் போயிருந்தால், ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்காமலே இருந்தாலும் டோஃபு தள்ள வேண்டிய பட்டியலில் வருகிறது. தீர்க்க முடியாது என்று தெரிந்தால் முதல் நாளே உறைய வைத்துவிடுங்கள். நீரை வடித்து, துண்டுகளாக்கி, காற்றுப் புகாத பையில் போட்டு மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் மூன்று மாதம் வரை தரம் பெரிதாகக் குறையாது. மஞ்சளாவதும் பஞ்சுபோல் ஆவதும் இயல்பு. உறைதல் பாக்டீரியாவைக் கொல்லாது, தூங்க வைக்கும். அதனால் கெடப்போகும் நாளில் உறைய வைப்பதில் பயனில்லை. உருக்குவதும் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே நடக்கட்டும். சமைக்குமுன் நீர் வடிய எடை வைத்து அழுத்துவது, மசாலாவில் ஊறவைப்பது இவையும் அரை மணி நேரத்தைத் தாண்டும் என்றால் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே செய்யுங்கள். அழுத்தப் பயன்படுத்தும் துணி பாத்திரம் துடைக்கும் துணியாக இருக்கக் கூடாது.

வீட்டிலேயே செய்பவர்கள் தவறவிடும் முக்கியமான இடம் ஒன்று உண்டு. சோயா பால் உண்மையாகக் கொதிக்கும் முன்பே நுரைத்துப் பொங்கி மேலே வரும். பொங்கியதைக் கொதித்ததாக எடுத்துக்கொண்டு இறக்கிவிட்டால் கிருமியும் முழுதாகச் சாகாது, சோயாவிலுள்ள செரிமானத்தைத் தடுக்கும் புரதங்களும் அழியாது. அரைவேக்காட்டுச் சோயா பாலே வாந்தியும் வயிற்றுவலியும் தரும். நுரையைக் கலக்கி அடக்கி, தீயைக் குறைத்து, அடியிலிருந்து குமிழி வரும் உண்மையான கொதிநிலை வந்தபின் 10 நிமிடம் விடுங்கள். அதன் பிறகு தொடும் ஒவ்வொன்றும், துணி, அச்சு, கரண்டி, முன்கூட்டியே கொதிநீரில் போட்டு எடுத்ததாக இருக்கட்டும். வெயில் காலத்தில் சோயாவை இரவு முழுக்க மேடையில் ஊறவைக்காமல் ஃப்ரிட்ஜில் ஊறவையுங்கள். திரிந்து அழுத்தி முடிந்ததும் கட்டியாக அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தால் நடுப்பகுதி ஆறப் பல மணி நேரம் ஆகும், பேசிலஸ் சீரியஸ் எதிர்பார்ப்பது அந்த நேரத்தைத்தான். சிறு துண்டுகளாக வெட்டிப் பனிக்கட்டி போட்ட குடிநீரில் இறக்கி ஆறவைத்துப் பிறகு உள்ளே வையுங்கள். வணிகச் சமையலறைகளுக்கான அளவுகோல் 57 டிகிரியிலிருந்து 21-க்கு 2 மணி நேரத்துக்குள், மொத்தம் 6 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கு. வீட்டுக்கும் இதுவே போதும். இந்த டோஃபுவை 2 நாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

டோஃபுவை வீட்டிலேயே நொதிக்க வைத்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு கடுமையான எச்சரிக்கை. காற்றுப் புகாத ஜாடி, புளிப்பில்லாத ஈரமான புரதம், அறை வெப்பம் மூன்றும் சேர்ந்தால் குளோஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியா வளர ஏற்ற இடம் கிடைத்துவிடுகிறது. கலிஃபோர்னியாவில் 2006-லும் நியூயார்க் நகரத்தில் 2012-லும் வீட்டில் நொதிக்க வைத்த டோஃபுவால் போட்டுலிசம், அதாவது இந்தப் பாக்டீரியாவின் நஞ்சு நரம்புகளை முடக்கும் நோய், வந்தது பதிவாகியிருக்கிறது. அந்தப் பாக்டீரியாவின் வித்துகள் சாதாரணக் கொதிநீரில் சாவதில்லை. சுரந்த நஞ்சு உள்ளே வரை 85 டிகிரிக்கு மேல் 5 நிமிடம் சூடேறினால் சிதையும் என்றாலும், நொதித்த டோஃபுவைப் பெரும்பாலும் சூடாக்காமல் தொட்டுக்கொள்ளத்தான் பயன்படுத்துகிறார்கள். உப்பின் அளவையும் அமிலத்தன்மையையும் அளந்து கட்டுப்படுத்தும் தொழிற்சாலைத் தயாரிப்பு வேறு, கண்ணளவில் உப்புப் போட்ட ஜாடி வேறு. கண்ணளவில் செய்யாதீர்கள்.

ஏற்கெனவே கொஞ்சம் சாப்பிட்டுவிட்டீர்கள் என்றால் பதற வேண்டாம், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சாப்பிட்ட ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் அது மேலே சொன்ன நஞ்சுகளின் போக்கு. பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கும், உப்பும் சர்க்கரையும் கலந்த நீர்க்கரைசலைச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். ரத்தம் கலந்த பேதி, கடும் காய்ச்சல், தண்ணீர்கூட வயிற்றில் தங்காத நிலை, சிறுநீர் குறைவது இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். கர்ப்பிணிக்குக் காய்ச்சல் மட்டும் வந்தாலே போதும், காத்திருக்க வேண்டாம். பார்வை இரட்டையாகத் தெரிவது, இமை தொங்குவது, நாக்கு குழறுவது, விழுங்க முடியாமல் போவது போட்டுலிசத்தின் அடையாளங்கள். எதிர் நஞ்சு மருந்தை எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்களோ அவ்வளவுக்குத் தசைகள் செயலிழப்பது மேலும் பரவாமல் நிற்கும், ஆகவே நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். இந்தக் கட்டத்தில் மிச்ச டோஃபுவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உறையோடு சேர்த்து இரண்டு பைகளில் கட்டி, யாரும் சாப்பிட வேண்டாம் என்று எழுதி ஃப்ரிட்ஜில் தனியாக வையுங்கள். மருத்துவமனையிலிருந்தோ சுகாதாரத் துறையிலிருந்தோ பரிசோதனைக்குக் கேட்டால், தயாரிப்பு எண்ணும் தேதியும் அந்த உறையில்தான் இருக்கும்.